சொன்னால் கேட்கும் நாயோடு வாழ்வதில் உள்ள சந்தோஷம்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

செம்பருத்தி:
நாயைப் பழக்குவது பற்றி யார் பேசினாலும் பேச்சு தொல்லையில்தான் தொடங்குகிறது. செருப்பைக் கடிக்கிறது, வருகிறவர் மேல் தாவுகிறது, இரவெல்லாம் குரைக்கிறது, என்ன செய்யலாம் என்று. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் பழக்கிய பிறகு வருகிற சந்தோஷத்தை யாரும் உட்கார்ந்து விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. இந்த இழை அதற்குத்தான்.

என் மின்னிக்கு நான்கு வயது. கலப்பினம், நடுத்தர உடம்பு, ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்தே இருக்கும். வாசல் கதவைத் திறந்தால் பாய மாட்டாள். நிலைப்படிக்கு உள்ளேயே நின்று தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்ப்பாள். "போ" என்றால்தான் துள்ளிக்கொண்டு வெளியே போவாள். அந்த ஒரு பார்வைக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் கதவைத் திறக்கலாம் என்று தோன்றும்.

இதை யாரும் அவளை அதட்டிச் சொல்லித்தரவில்லை. குட்டியாக இருந்தபோது கதவை மெல்லத் திறப்போம். அவள் பாய்ந்தால் கதவு சாத்திக்கொள்ளும், நின்றால் திறக்கும். நாங்கள் வாயே திறப்பதில்லை. நின்றால்தான் வெளியே போக முடியும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். தானாகக் கண்டுபிடித்ததாலோ என்னவோ, இன்றுவரை மறக்கவில்லை.

உங்கள் நாய் செய்வதில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? எப்படிப் பழக்கினீர்கள்?

வடகாற்று:
இழுக்காமல் நடப்பது. வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்று போதும். லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடக்கும் கயிறு, தளர்ந்து தொங்க, நாய் பக்கத்தில் தன்பாட்டுக்கு நடக்க, தோள்பட்டையில் ஒரு இழுப்பும் இல்லாமல் காலையில் நடந்துவிட்டு வருவது தனி சுகம். எங்கள் வீட்டு நாய் நல்ல எடை. அவனை இப்போது வயதான என் அம்மாவே தனியாக நடக்கக் கூட்டிப்போகிறார். அம்மா மெதுவாக நடந்தால் அவனும் மெதுவாக நடக்கிறான்.

செய்தது இதுதான்: லீஷ் இறுகினால் நான் மரம் மாதிரி நின்றுவிடுவேன். தளர்ந்தால் நடப்பேன். என் காலருகே அவன் வரும்போதெல்லாம் ஒரு ட்ரீட், சின்னத் தின்பண்டம். முதல் சில நாட்கள் தெருமுனைவரைகூடப் போக முடியாது, அதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

கடலோரம்:
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு நெருடல் உண்டு, சொல்லிவிடுகிறேன். உட்கார், எழு, கை கொடு, படு என்று ஓர் உயிரை நாள் முழுக்க ஏவிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாய் நாயாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. எங்கள் ராஜா எதையும் கற்றதில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் அவன்மேல் உயிராக இருக்கிறோம்.

செம்பருத்தி:
@கடலோரம், உங்கள் அன்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால் ராஜா எங்கே இருப்பான்?

கடலோரம்:
பின்னால் கட்டிவைப்போம். தாவுவான், பெரிய நாய், குழந்தைகள் விழுந்துவிடுவார்கள்.

செம்பருத்தி:
நான் சொல்ல நினைத்தது அதுதான். யாராவது வந்தால் மின்னி தன் பாயில் போய்ப் படுத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் "வா" என்றால் எழுந்து வந்து ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்த்துவிட்டு, யார் காலடியிலாவது உட்கார்ந்துகொள்வாள். பேச்சு முழுக்க எங்களோடுதான் இருப்பாள். வெளியூர்ப் பயணம், நண்பர் வீடு, வெட்டவெளி என்று எங்கே போனாலும் கூட வருகிறாள். பழகாத நாய்க்கு இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு சங்கிலியும் ஒரு மூலையும்தான் அதற்கு மிஞ்சும். பழக்குவதால் நாய்க்குச் சுதந்திரம் கூடுகிறது என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

அப்புறம், நாள் முழுக்க ஏவுவதாக நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் அவள் இஷ்டம்.

வடகாற்று:
கடலோரம் அண்ணனின் கேள்வி முக்கியமானது, அதனால் இதையும் சேர்க்கிறேன். நாய்களிலேயே மிக நுணுக்கமாகப் பழக்கப்படுபவை பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் அதற்கான முதல் பள்ளி தொடங்கியது. அந்த நாய்களுக்குச் சொல்லித்தருவதில் உயர்ந்த பாடம் எது தெரியுமா? மறுப்பது. "முன்னே போ" என்று எஜமானர் சொன்னாலும், எதிரே வண்டி வந்தாலோ பள்ளம் இருந்தாலோ அசையாமல் நிற்கவேண்டும். வெறுமனே ஏவலுக்கு ஆடுகிற நாயால் இதைச் செய்ய முடியாது. நிலைமையைப் பார்த்து, யோசித்து, பொறுப்போடு முடிவெடுக்கத் தெரிந்த நாயால்தான் முடியும்.

பூவரசு:
பல வருடமாக நாய்களைப் பழக்குவதே என் வேலை. இந்த இழையைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி சொன்ன கதவு விஷயத்தின் அடிப்படை ரொம்பப் பழையது. 1898இல் தார்ண்டைக் என்ற உளவியலாளர் பூனைகளைத் தாழ்ப்பாள் வைத்த பெட்டிகளில் விட்டுப் பார்த்தார். நல்ல பலன் தந்த செயல் மறுபடி மறுபடி நடக்கிறது, பலன் தராதது மெல்லக் கைவிடப்படுகிறது என்று கண்டார். பின்னால் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் அதை விரிவாக வளர்த்தார். அவரிடம் படித்த கெல்லர் பிரிலண்டும் மரியன் பிரிலண்டும் 1940களில் அதை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுவந்து, விதவிதமான விலங்குகளைப் பழக்கினார்கள். இன்று நாம் கையில் வைத்திருக்கும், அழுத்தினால் "டக்" என்று ஒலிக்கும் சின்னக் கருவியான கிளிக்கருக்கு வேர் அங்கேதான்.

கிளிக்கரின் பெரிய நன்மை நேரம். நாய் உட்கார்ந்த நொடிக்கும் உங்கள் கை பையிலிருந்து ட்ரீட்டை எடுக்கும் நொடிக்கும் நடுவில் அது எழுந்து, திரும்பி, ஒரு ஈயையும் பார்த்துவிடும். பிறகு எதற்காக ட்ரீட் கிடைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? "டக்" என்ற சத்தம் அந்த நொடியைப் பிடித்து வைக்கிறது. கிளிக்கர் இல்லாவிட்டால் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்புங்கள், போதும். ஆனால் "சரி" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் நாள் முழுக்க யாராவது சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

பாயில் படுப்பதை நான் பழக்கும் முறை இது. பாயைத் தரையில் போட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். நாய் பாயைப் பார்த்தாலே "டக்", ஒரு துண்டு. ஒரு கால் வைத்தால் "டக்", ஒரு துண்டு. அந்தத் துண்டைப் பாயின் மேலேயே போடுவேன், நாய்க்கு நல்லதெல்லாம் பாயிலிருந்துதான் முளைக்கிறது என்று தோன்றவேண்டும். நாலு காலும் வந்த பிறகு நான் கொஞ்சம் காத்திருப்பேன். இங்கேதான் அழகான ஒன்று நடக்கும். நாய் என் கையைப் பார்க்கும், முகத்தைப் பார்க்கும், மூச்சு விடும், முன்கால்களை ஒருமுறை மாற்றி வைக்கும். அப்புறம் முழங்கை மடங்கி மெல்லக் கீழே இறங்கும். அந்த நொடியில் "டக்", நாலைந்து துண்டு ஒன்றன்பின் ஒன்றாக. அடுத்த முறை கண்ணில் ஒரு மின்னலோடு நேராகப் போய்ப் படுக்கும். எத்தனையோ நாய்களிடம் பார்த்துவிட்டேன், அந்த மின்னல் எனக்கு அலுத்ததே இல்லை.

துண்டு என்றால் சுண்டுவிரல் நகத்தில் பாதி. வேகவைத்த கோழி, உப்பு போடாதது, நன்றாக வேலை செய்யும். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் உள்ள இனிப்புகள், இவை நாய்க்கு விஷம். ட்ரீட் டப்பா பக்கத்தில்கூட வேண்டாம்.

இன்னொன்று. தூரம், நேரம், சுற்றியுள்ள பரபரப்பு இந்த மூன்றையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் குறையுங்கள். கூடத்தில் தெரிந்த பாடம் பூங்காவில் தெரியாது. அது பிடிவாதமும் இல்லை, மறதியும் இல்லை. இடம் மாறினால் நாய்க்கு அது புதுப் பாடம்.

ஒற்றைப்பனை:
பூவரசு அண்ணா, அருமை. ஒரு கேள்வி. நாம்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்டவேண்டும், நாம் சாப்பிட்ட பிறகுதான் அதற்குச் சாப்பாடு, கதவில் நாம்தான் முதலில் போகவேண்டும், எதிர்த்தால் மல்லாக்கத் தள்ளி அமுக்கவேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டா?

பூவரசு:
தம்பி, அந்தக் கருத்து வந்த வழியைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்கள் அடைப்பில் கிடந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? தலைமைக்கான போட்டி என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. டேவிட் மெக் என்ற ஆய்வாளர் காட்டில் ஓநாய்களைப் பல வருடம் கவனித்துவிட்டு 1999இல் எழுதினார்: இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம், அப்பா அம்மா, அவர்களின் பிள்ளைகள். நாயோ ஓநாயே அல்ல, மனிதனோடு பல்லாயிரம் வருடம் வாழ்ந்த பிறவி.

மல்லாக்கத் தள்ளுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமினால் அடிப்பதும் அப்படியே. உறுமல் என்பது "எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போ" என்று நாய் நாகரிகமாகச் சொல்லும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அப்புறம் ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். "திடீரென்று கடித்துவிட்டது" என்று வருகிற பல வீடுகளில் நான் கேட்ட கதை இதுதான். எனக்கு இந்த விஷயத்தில் கோபமே வரும், மன்னிக்கவும்.

தாழம்பூ:
நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுதுகிறேன். நாங்கள் தத்தெடுத்த நாய்க்கு ஆறு வயது இருக்கும் என்கிறார் டாக்டர். பழைய வாழ்க்கை என்னவென்று தெரியாது. குடை விரித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இனிமேல் கற்றுக்கொள்வாளா?

செம்பருத்தி:
கற்றுக்கொள்வாள் தாழம்பூ, கட்டாயம் கற்றுக்கொள்வாள். குட்டியின் மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரைதான் உலகத்தோடு பழகும் பொற்காலம் என்பது உண்மை. அந்த வயதில் குடை, சக்கர நாற்காலி, தாடி வைத்தவர், மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் இதமாகப் பார்த்த குட்டி பெரியதானதும் நிதானமாக இருக்கும். அது தவறிப்போன நாய்க்குப் பயம் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் பாடம் கற்கும் திறன் வயதானாலும் போவதில்லை.

குடையை மூடியபடியே தரையில் வைத்துவிடுங்கள், அவள் நிம்மதியாகச் சாப்பிடும் தூரத்தில். குடை கண்ணில் பட்டால் ட்ரீட் மழை, குடை மறைந்தால் மழையும் நின்றுவிடும். நாள்போக்கில் கொஞ்சம் பக்கத்தில், பிறகு ஓர் அங்குலம் விரித்து. அவள் சாப்பிட மறுத்தால் நீங்கள் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி பின்னால் வாருங்கள். அவளைப் பிடித்து இழுத்துக் குடைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

பூவரசு:
செம்பருத்தி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பயந்த நாய்க்குக் கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது இதெல்லாம் தூக்கக் கலக்கமோ பசியோ இல்லை. "போதும்" என்று சொல்கிறது. அதைப் பார்த்து நீங்கள் விலகினால் நம்பிக்கை வளரும். பயம் மிகக் கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடமும் பேசுங்கள். வலி இருந்தாலும் நாய் இப்படி நடந்துகொள்ளும்.

நிலாமுற்றம்:
எனக்குப் பிடித்தது யாரும் சொல்லவில்லையே! மருத்துவரிடம் ஊசி போடுவது.

எங்கள் நாய்ப் பையன் என் மடியில் விரித்த துண்டின்மேல் தாடையை வைப்பான். தாடை துண்டில் இருக்கும்வரை காதைப் பார்க்கலாம், நகம் வெட்டலாம், ஊசி போடலாம். தாடையை எடுத்துவிட்டால் எல்லோரும் கையை எடுத்துவிடுவோம். இது அவனோடு எங்களுக்குள்ள ஒப்பந்தம். முதலில் தாடை வைத்தால் மட்டும் ட்ரீட். பிறகு தாடை வைத்ததும் என் விரல் அவன் காதைத் தொடும், ட்ரீட். பிறகு நகவெட்டி பக்கத்தில் வந்து போகும், வெட்டாது, ட்ரீட். வெட்டத் தொடங்கியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அவன் நிறுத்துவதே இல்லை என்பது என் எண்ணம். விலங்குக் காட்சிசாலைகளில் பெரிய விலங்குகளிடம் மயக்க மருந்து இல்லாமல் ரத்தம் எடுப்பதும் இப்படிப் பழக்கித்தான்.

வடகாற்று:
நிலாமுற்றம் அக்கா, ஹங்கேரியின் புடாபெஸ்டில் நாய்களை இப்படியே பழக்கி எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் படுக்கவைத்திருக்கிறார்கள். கட்டிப்போடவில்லை, மயக்க மருந்தும் இல்லை. அத்தனை சத்தத்திலும் தானாகவே அசையாமல் படுத்திருந்த நாய்கள். 2016இல் வந்த அந்த ஆய்வில் தெரிந்தது: பாராட்டும் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக விழித்தது. சும்மா கொஞ்சும் குரலில் எதையாவது சொன்னால் போதவில்லை. அதனால் நல்ல வேலை செய்தால் வாயாரச் சொல்லிப் பாராட்டுங்கள்.

ஒற்றைப்பனை:
என் கேள்விக்குப் பதில் சொன்னதற்கு நன்றி அண்ணா. கவனம் ஈர்க்கக் குரைப்பதை நாங்கள் கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கினோம். குறையாமல் இன்னும் அதிகமாகிறதே?

பூவரசு:
அது நல்ல அறிகுறி தம்பி. இதுவரை பலித்த ஒன்று பலிக்காமல் போனால், விட்டுவிடுவதற்கு முன் நாய் ஒருமுறை முழுபலத்தோடு முயன்று பார்க்கும். அந்த உச்சத்தில் நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டால், இவ்வளவு சத்தமாகக் குரைத்தால்தான் நடக்கும் என்று படித்துவிடும். தாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே கண்டுகொள்ளாமல் இருந்தாலும் போதாது. உங்களைக் கூப்பிட அதற்கு வேறு ஒரு வழி கொடுங்கள், அமைதியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் உடனே திரும்பிப் பேசுங்கள். அப்புறம் அது நடக்கப் போதுமான நேரம் வெளியே போகிறதா, மோந்து பார்க்க விடுகிறீர்களா என்றும் பாருங்கள். மூக்கால்தான் நாய் உலகத்தைப் படிக்கிறது. நிதானமாக மோந்துகொண்டே ஒரு நடை போய்வந்த நாய் வீட்டில் நிம்மதியாகப் படுக்கும்.

கடலோரம்:
எல்லாவற்றையும் படித்தேன். ராஜா பின்னால் கட்டுண்டு கிடப்பது பற்றி வீட்டிலும் பேசினோம். கை கொடுப்பது, உருளுவது இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், அந்த எண்ணம் மாறவில்லை. ஆனால் கூப்பிட்டால் வருவதைச் சொல்லித்தர ஆசைப்படுகிறேன். அவனை ஒருநாள் வெட்டவெளியில் அவிழ்த்துவிட்டுப் பார்க்கவேண்டும். எங்கே தொடங்குவது?

செம்பருத்தி:
இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது அண்ணா. வேடிக்கை வித்தைகள் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். கூப்பிட்டால் வருவது உயிரைக் காக்கும் பாடம்.

இதுவரை அவனைக் கூப்பிடப் பயன்படுத்தாத ஒரு புதுச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு விசில். வீட்டுக்குள், அவன் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள், உடனே அவனுக்கு மிகவும் பிடித்த தின்பண்டம். அவன் எதுவும் செய்யவேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் தலை சடக்கென்று திரும்பும் நாள் வரும். பிறகு அடுத்த அறையிலிருந்து, பிறகு நீளமான கயிறு கட்டி வெளியில். அந்தச் சொல்லால் கூப்பிட்டு ஒருபோதும் குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்போடாதீர்கள், திட்டாதீர்கள். தாமதமாக வந்தாலும் கொண்டாடுங்கள். முக்கியமாக, வந்ததும் ட்ரீட் கொடுத்து "போ, விளையாடு" என்று திருப்பி அனுப்புங்கள். கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று நினைக்கும் நாய் வராது. கூப்பிட்டால் ட்ரீட்டும் உண்டு, திரும்பி ஓடவும் விடுவார்கள் என்று தெரிந்த நாய் பறந்து வரும்.

கடலோரம்:
விசில் எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் ஆளுக்கொரு குரல்.

வடகாற்று:
நல்ல முடிவு அண்ணா. இதை ஒட்டி எல்லோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் முந்தைய நாய்க்கு வயதானபோது காது கேட்காமல் போனது. ஆனால் குட்டியிலேயே கைச்சைகையும் சேர்த்துப் பழக்கியிருந்ததால் எதுவும் நிற்கவில்லை. உள்ளங்கையைக் காட்டினால் நிற்பாள், கையை விரித்தால் ஓடிவருவாள், கட்டைவிரலை உயர்த்தினால் வால் ஆடும். கடைசிவரை எங்களுக்குள் பேச்சு இருந்தது. உங்கள் நாய் இளசாக இருக்கும்போதே சைகைகளைச் சொல்லிக்கொடுங்கள்.

தாழம்பூ:
சொல் ஏற்கெனவே தெரிந்த நாய்க்குச் சைகையை எப்படிச் சேர்ப்பது? இரண்டையும் ஒன்றாகக் காட்டலாமா?

பூவரசு:
ஒன்றாகக் காட்டினால் தெரிந்ததையே பிடித்துக்கொள்ளும், புதியதைக் கவனிக்காது. புதியது முன்னால், பழையது பின்னால். சைகையைக் காட்டுங்கள், ஒரு நொடி விடுங்கள், பிறகு சொல்லைச் சொல்லுங்கள், உட்கார்ந்ததும் ட்ரீட். சில தடவைகளில் சொல்லுக்குக் காத்திருக்காமல் சைகையிலேயே உட்காரத் தொடங்கும். அன்றிலிருந்து சொல்லை விட்டுவிட்டுச் சைகையை மட்டும் காட்டிப் பாருங்கள். கையைப் பெரிதாக, தெளிவாக, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி அசையுங்கள். காது மந்தமான நாய் தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், பக்கத்தில் தரையைத் தட்டுங்கள், அதிர்வு தெரிந்து தானாக எழுந்துகொள்ளும்.